வாங்கிப் போட்ட மனை – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பிட்டி மேசன் பற்றிய கட்டுரையை வாசித்தேன். அடிமையாகப் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் சொத்துக்காரியாகக் கண்மூடியவர் என்பதெல்லாம் சரி. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் 'தொழில்முனைவர்' என்ற சொல் உறுத்துகிறது. 250 டாலருக்கு ஒரு மனை வாங்கினார், ஊர் வளர்ந்தது, விலை ஏறியது. ஊருக்கு வெளியே மனை வாங்கிப் போட்டுவிட்டு ரயில்வே ஸ்டேஷன் வரட்டும் என்று காத்திருந்த மாமா எல்லார் வீட்டிலும் ஒருவர் உண்டு. அதிர்ஷ்டத்துக்கு எதற்குப் பெரிய பெயர்?

ச., கோவை

அன்புள்ள ச.,

அதிர்ஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. 1850 கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சலஸில் இருந்தவர்கள் 1,610 பேர். 1876-ல் சதர்ன் பசிபிக் ரயில் வந்தது, 1885-ல் சாண்டா ஃபே வந்தது. இரண்டு கம்பெனிகளும் முட்டிக்கொண்டு கட்டணத்தைக் குறைக்க, ஜனம் வந்து குவிந்தது. 1890-ல் ஐம்பதாயிரத்தைத் தாண்டியாயிற்று. நடுவில் 1887-ல் மனை விலை வெறிபிடித்து ஏறியது, அடுத்த வருஷமே சரிந்தது.

ஆனால் '250 டாலருக்கு வாங்கினார்' என்று நீங்கள் ஒரு வரியில் தாண்டிய இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். டாக்டர் ஜான் கிரிஃபினிடம் பிரசவம் பார்க்கவும் நோயாளிகளைக் கவனிக்கவும் பிட்டிக்குக் கிடைத்த கூலி நாளுக்கு இரண்டரை டாலர். கணக்குப்படி 250 டாலர் என்பது நூறு நாள் கூலி. அவர் விடுதலையானது 1856 ஜனவரியில், மனை வாங்கியது 1866-ல். நூறு நாள் கூலி கையில் மிஞ்சப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது. மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வாடகை வீட்டில் இருந்துகொண்டு சேர்த்த காசு அது.

உங்கள் மாமாவுக்கு இல்லாத இன்னொரு சங்கடமும் அவருக்கு இருந்தது. 37 வயதுவரை அவரே இன்னொருவரின் சொத்து. எஜமானன் ராபர்ட் ஸ்மித் மோர்மன் மதத்தில் சேர்ந்து மிசிசிப்பியிலிருந்து யூட்டாவுக்குக் கிளம்பியபோது, வண்டிகளுக்குப் பின்னால் மாடுகளை ஓட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு நடந்தே போனவர். 1851-ல் அங்கிருந்து கலிஃபோர்னியா. அங்கே சட்டப்படி அடிமைமுறை கிடையாது, ஆனாலும் ஸ்மித் விடவில்லை. தன் அடிமைகள் எல்லாரையும் அடிமைமுறை செல்லுபடியான டெக்சாஸுக்கு ஓட்டிப்போகப் பார்த்தபோது, லாஸ் ஏஞ்சலஸில் குதிரைக் கொட்டகை நடத்திய ராபர்ட் ஓவன்ஸ் என்ற கறுப்பினத்தவர் தலையிட, வழக்கு நீதிமன்றம் போனது. வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்ல அன்றைய சட்டத்தில் இடமில்லை. நீதிபதி பெஞ்சமின் ஹேய்ஸ் பிட்டியைத் தன் அறைக்குள் கூப்பிட்டு விசாரித்தார். 14 பேருக்கு விடுதலை.

பிரசவத்துக்குப் போகும்போது தூக்கிப்போகும் பெரிய கறுப்புப் பையில், மருத்துவச் சாமான்களோடு அந்தத் தீர்ப்புக் காகிதத்தையும் வைத்திருப்பார் என்று சொல்வார்கள். அது வெறும் பயமல்ல. மறு வருஷமே டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பர் யாரும் அமெரிக்கக் குடிமக்களே ஆக முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருக்கு வேலை கொடுத்த டாக்டர் கிரிஃபினின் சகோதரி கணவரோ, பின்னால் உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகச் சண்டையிட்ட தென்மாநிலங்களின் தளபதியாக இருந்து 1862-ல் ஷைலோ களத்தில் செத்தவர். அப்படிப்பட்ட குடும்பத்துக்காரரிடம் கூலி வாங்கி, அந்தக் கூலியில் மனை வாங்குவதற்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மனை வாங்கினாரே தவிர, உடனே குடிபோகவில்லை. ஸ்பிரிங் தெருவில், மூன்றாம் தெருவுக்கும் நான்காம் தெருவுக்கும் நடுவே இருந்த இடம். அன்றைக்கு அது ஊர்க்கோடி. சின்ன மர வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு, தான் வேறு இடத்தில் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார். என் கட்டுரையில் இதை விட்டுவிட்டேன், தப்புதான். சொந்த மனை கையில் இருக்கும்போது வாடகை வீட்டில் இருக்க நம் வீட்டில் யார் சம்மதிப்பார்கள்? 1884-ல்தான் மனையில் ஒரு பகுதியை 1,500 டாலருக்கு விற்றார். மிச்சத்தில் கட்டடம் எழுப்பினார்: கீழே கடைகளுக்கு வாடகை இடம், மேலே குடியிருப்பு. ஒரு துண்டை விற்று மறு துண்டை மாதாமாதம் வருமானம் தருவதாக ஆக்கிக்கொண்டார். மாமா இதைச் செய்திருந்தால் அவரையும் தொழில்முனைவர் என்றே எழுதுகிறேன்.

இத்தனைக்கும் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரங்களில் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. ஸ்பானிஷ் மட்டும் சரளமாகப் பேசுவார், அன்றைக்கு அந்த ஊரில் அது இல்லாமல் வியாபாரம் நடக்காது.

தர்மம் செய்ததும் வியாபாரி பாணியில்தான். 1880-களில் வெள்ளம் வந்து பல குடும்பங்கள் வீடிழந்தபோது, ஒரு மளிகைக் கடையில் தன் பேரில் கணக்குத் திறந்துவிட்டார். வெள்ளையரானாலும் கறுப்பரானாலும், வீடு போனவர்கள் அங்கே போய்ச் சாமான் வாங்கிக்கொள்ளலாம், பில் பிட்டி மேசனுக்கு.