லண்டன் தண்ணீரும் தலையில் தங்கும் படிவும்

வணக்கம் தங்கச்சி. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து கிழக்கு லண்டனில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நீங்கள், எத்தனை முறை தோய்ந்தாலும் முடி மெழுகு தடவியது போலவே இருக்கிறது, உச்சி பிசுபிசுக்கிறது, நுனி வறண்டு முறிகிறது, சீப்பில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஷவரில் பூட்டும் வடிகட்டி ஒன்றை வாங்கினால் இது சரியாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வடிகட்டியை இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் தலையில் இருப்பது ஒரே வகைப் படிவு அல்ல. தண்ணீரின் சுண்ணாம்பும், எண்ணெயும், கண்டிஷனரின் பூச்சும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. ஒன்றைக் கழற்றுவது மற்றதைத் தொடாது என்பதால்தான் ஷாம்புவை மாற்றி மாற்றிப் பார்த்தும் உங்களுக்குப் பலன் கிடைக்கவில்லை.

முதலில் தண்ணீரைச் சொல்கிறேன். லண்டனின் குடிநீரில் பெரும்பகுதி தேம்ஸ், லீ ஆகிய ஆறுகளிலிருந்து வருகிறது. அந்த ஆறுகளுக்கு நீர் ஊறி வரும் நிலமெல்லாம் சுண்ணாம்புப் பாறை என்பதால், கல்சியமும் மக்னீசியமும் கரைந்த நிலையிலேயே அது நம் குழாய்க்கு வந்து சேர்கிறது. இப்படிக் கரைந்திருக்கும் கல்சியம், மக்னீசியத்தின் அளவைத்தான் நீரின் கடினத்தன்மை என்கிறோம். அது கல்சியம் கார்பனேற்றுக் கணக்கில் லண்டனின் பெரும்பகுதியில் லீட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். உங்கள் தெருவின் அளவைத் தண்ணீர்க் கம்பனியின் இணையத்தளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். பார்க்காவிட்டாலும் உங்கள் கேத்தலின் அடியில் பிடித்திருக்கும் வெள்ளைப் படிவே போதுமான சான்று. கிளாஸ்கோவில் இருக்கும் உங்கள் தோழிக்கு இந்தத் தொல்லை இல்லை என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதற்கும் காரணம் இதுதான். அந்த நகரத்துக்கு லொக் கற்றின் ஏரியிலிருந்து நீர் வருகிறது. அது மழைநீருக்கு நெருங்கிய மென்மையான தண்ணீர்.

ஈரமான முடியின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருக்கும். கரைந்த கல்சியத்தில் நேர் மின்னேற்றம் இருக்கும். ஆகவே ஒவ்வொரு குளிப்பிலும் சிறிது கல்சியம் முடியில் பிடித்துக்கொள்கிறது. சாயம் பூசிய முடியிலும் வெளுக்க வைத்த முடியிலும் இது இன்னும் அதிகமாகப் பிடிக்கும். நீங்கள் கட்டிச் சவர்க்காரத்தைத் தலைக்கும் போடுவதாக எழுதியிருந்தீர்கள். அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். சவர்க்காரம் கல்சியத்துடன் சேரும்போது தண்ணீரில் கரையாத ஊத்தையாக மாறிவிடும். குளியல் தொட்டியின் ஓரத்தில் வளையமாகப் படிவதும், உங்கள் சீப்பில் சாம்பல் நிறத்தில் ஒட்டுவதும் பெரும்பாலும் அதுவேதான்.

இரண்டாவது பங்கு எண்ணெயுடையது. தேங்காயெண்ணெய் முடிக்கு நல்லதுதான், முடியின் உள்ளே ஊடுருவக்கூடிய சில எண்ணெய்களில் அதுவும் ஒன்று. ஆனால் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கிவிடும். ஹீட்டிங்கை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போட விடாத வீட்டுக்காரர்கள் உள்ள ஊர் இது. குளிர்ந்த அறையில், அரைகுறையாக உருகிய எண்ணெயை உச்சியில் வைத்துவிட்டு, மறுநாள் காலை அவசரமாக ஐந்து நிமிடம் ஷவரில் நின்றால் அது எப்படிப் போகும்? ஊரில் எண்ணெய் வைத்து முழுகும்போது அரப்போ சீயாக்காயோ தேய்த்து, கிணற்றடியில் வாளி வாளியாக ஊற்றினோம். அந்த அளவு எண்ணெய்க்கு அந்த அளவு கழுவல் வேண்டும். இங்கே எண்ணெயின் அளவு மாறாமல் கழுவல் மட்டும் சுருங்கிவிட்டது.

மூன்றாவது, முடி வறண்டுபோனதைப் பார்த்துப் பயந்து நீங்கள் போடத் தொடங்கிய கண்டிஷனரும் சீரமும். போத்தலின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்: டைமெதிக்கோன், அமோடைமெதிக்கோன் என்று ‘கோன்’ என முடியும் பெயர்கள் பெரும்பாலும் சிலிக்கோன்கள். அவை தீங்கானவை அல்ல. முடியை வழுவழுப்பாக்கிச் சிக்கலைக் குறைக்கின்றன. ஆனால் இவற்றில் பல தண்ணீரில் கரையாதவை. ‘சல்பேட்’ என்னும் வலுவான அழுக்கு நீக்கி இல்லாதது என்று எழுதிய மென்மையான ஷாம்புவை மட்டும் தொடர்ந்து பாவிப்பவர்களுக்கு அந்தப் பூச்சு முழுமையாகக் கழன்று போகாமல் தங்கிவிடலாம். குளிருக்குப் பயந்து தோயாமல் விடும் நாட்களில் உங்கள் அறைத்தோழிகளைப் பார்த்து நீங்களும் விசிறிக்கொள்ளும் உலர் ஷாம்பு இன்னொன்று. அது எண்ணெயை உறிஞ்சுகிற மாப்பொருள். எதையும் அகற்றுவதில்லை, தானும் தலையிலேயே இருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் எண்ணெயையும் சிலிக்கோனையும் எடுக்க வேண்டும். பொருட்பட்டியலின் தொடக்கத்திலேயே சோடியம் லோரத் சல்பேட் உள்ள சாதாரண ஷாம்பு போதும். விலை கூடியது தேவையில்லை. தலை முழுவதையும் நன்றாக நனைத்த பிறகு, ஷாம்புவைக் கையில் நீர் விட்டுக் கலக்கி, முடியின் நீளத்துக்கு அல்லாமல் தலைத்தோலுக்குத் தேய்த்துக் கழுவுங்கள். உடனே இரண்டாம் தரமும் அப்படியே செய்யுங்கள். முதல் தரத்தில் நுரை வராது, இரண்டாம் தரத்தில் வரும். எண்ணெய் போய்விட்டதற்கு அதுவே அடையாளம். அன்றைக்குக் கண்டிஷனர் எதுவும் போடாமல் முடியை உலர விட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு போய், ஆனால் முடி வைக்கோலைப் போல முரடாகவும் மங்கலாகவும் இருந்தால், மிச்சமிருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்பை ஷாம்பு எடுக்காது. அதற்குப் புளிப்பு வேண்டும், அல்லது கல்சியத்தைப் பிடித்து இழுக்கும் பொருள் வேண்டும். தேசிக்காய் நமக்குத் தெரிந்த வழி. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலும் சுண்ணாம்புப் பாறைதான். நம் கிணறுகள் பலவற்றின் நீரும் கடின நீர்தான். அந்த நீரில் முழுகும்போது தலைக்குத் தேசிக்காய் தேய்த்த அம்மம்மாமார் இரசாயனம் படித்தவர்கள் அல்லர், ஆனால் வேலை சரியாகவே நடந்தது. ‘ஊரிலும் இதே தண்ணீர்தானே, அங்கே ஏன் இப்படி ஆகவில்லை’ என்று நீங்கள் கேட்டதற்கு என் பதிலில் பெரும்பகுதி இந்தத் தேசிக்காய்தான்.

ஒரு தேசிக்காயின் சாற்றை நன்றாக வடித்து ஒரு லீட்டர் தண்ணீரில் கலந்து, ஷாம்பு போட்டுக் கழுவிய முடியில் மெதுவாக ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். தேசிக்காய் இல்லையென்றால் கடையில் விற்கும் 5 சதவீத வினாகிரியில் இரண்டு மேசைக்கரண்டியை ஒரு லீட்டரில் கலந்துகொள்ளலாம்; முடி உலர்ந்ததும் வாசம் போய்விடும். சாற்றை நீர் கலக்காமல் தலையில் தேய்க்கக் கூடாது. தேசிச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமே எழும்பலாம் என்பதால், கோடைகாலத்தில் நெற்றியையும் கழுத்தையும் கையையும் நன்றாகக் கழுவிவிட்டு வெளியே செல்லுங்கள். தலைத்தோலில் புண்ணோ கீறலோ இருந்தால் ஆறும் வரை இதைச் செய்ய வேண்டாம்.

படிவு பல மாதங்களாகச் சேர்ந்திருந்தால் புளிப்பு மட்டும் போதாமல் போகலாம். அப்போது நீச்சல்காரருக்கென்று விற்கும் ஷாம்பு ஒன்றை மாதம் ஒரு முறை பாவிக்கலாம்; உலோகங்களைப் பிடித்து இழுக்கும் ஈடிடிஏ போன்ற பொருள் அவற்றில் பலவற்றில் உண்டு. சாதாரண ஷாம்புகளிலும் அந்தப் பெயரைப் பட்டியலின் கடைசியில் காண்பீர்கள். அது ஷாம்பு கெடாமல் இருக்கச் சேர்க்கும் சிறு அளவு, அதை நம்பி வாங்க வேண்டாம். இத்தகைய கழுவலுக்குப் பிறகு முடி மிகவும் வெறுமையாக இருக்கும் என்பதால், அன்றைக்கு நீளத்துக்கும் நுனிக்கும் மட்டும் கண்டிஷனர் போடுங்கள்.

கடைசி அலசலுக்கு மட்டும் வேறு தண்ணீர் பாவிப்பது இன்னொரு நல்ல வழக்கம். லண்டன் நீரின் கடினத்தன்மையில் பெரும்பங்கு கொதிக்க வைத்தால் படிந்து விழும் வகை. முதல் நாள் இரவே சில நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் உள்ளது கலங்காமல் மேல்நீரை ஒரு ஜக்கில் எடுத்து வையுங்கள். தேசிச் சாற்றை அதிலேயே கலந்தால் இன்னும் நல்லது. குடிநீர் வடிகட்டும் ஜக் வீட்டில் இருந்தால் அந்த நீரும் உதவும்.

ஷவர் வடிகட்டியை வேண்டாம் என்றதற்குக் காரணம், அவற்றில் பல குளோரினைக் குறைப்பதற்காகவே செய்யப்பட்டவை என்பதுதான். குளோரின் இங்கே பொதுவாக லீட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்கிறது. உங்கள் பிரச்சினை அதனால் வரவில்லை. கல்சியத்தை உண்மையாகவே எடுப்பது உப்புப் போட்டு இயங்கும் அயன் மாற்றுக் கருவி. அதை வீட்டின் பிரதான குழாயில் பொருத்த வேண்டும். வாடகை அறைக்கு அது நடக்கிற காரியம் அல்ல. நிமிடத்துக்குப் பல லீட்டர் ஓடும் ஷவரில் உள்ளங்கையளவு வடிகட்டி அந்த வேலையைச் செய்யும் என்ற விளம்பரத்தை நான் நம்பமாட்டேன்.

எண்ணெயை விட்டுவிட வேண்டியதில்லை. தோய்வதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு, சூடான நீரில் போத்தலை வைத்து உருக்கிய எண்ணெயில் ஒரு தேக்கரண்டியை முடியின் நீளத்துக்கு மட்டும் தடவினால் போதும். உச்சியில் எண்ணெய் ஊற வைத்துப் படுக்கும் வழக்கத்தை இங்கே நான் பரிந்துரைக்கமாட்டேன், அதிலும் பொடுகு உள்ளவர்களுக்கு. நகத்தால் சுரண்டும்போது மஞ்சளாக, பசையுள்ள செதிலாக உரிந்து, அரிப்பும் சிவப்பும் இருந்தால் அது படிவு அல்ல, பொடுகு. அதற்குப் பார்மசியில் மருத்துவரின் சீட்டு இல்லாமலே கீற்றோகொனசோல் ஷாம்பு கிடைக்கும். என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

முடி கொட்டுவதை இவற்றோடு சேர்த்து எழுதியிருந்தீர்கள். விழுந்த முடியை எடுத்துப் பாருங்கள். நடுவில் முறிந்த துண்டுகளாக இருந்தால் படிவும் வறட்சியும் காரணமாக இருக்கலாம், மேலே சொன்னவை உதவும். ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழுடன் முழு முடியாக விழுந்தால் அது வேரிலிருந்து வந்தது. அதைத் தண்ணீரின் தலையில் கட்ட முடியாது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்பு. அதற்கு மேல் விழுந்தால், இடம்பெயர்ந்த அலைச்சல், சாப்பாடு குறைந்தது, காய்ச்சல் போன்றவை நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது வழக்கமாகக் காணும் ஒன்று; இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்திருக்கலாம். அருகிலுள்ள ஜீ.பி.யிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், பதிந்துகொண்டு, இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். விசாவுக்கு விண்ணப்பித்தபோது நீங்கள் செலுத்திய மருத்துவக் கட்டணத்தில் இதுவும் அடங்கும். தனியாகக் காசு கொடுத்து விற்றமின் குளிசை வாங்குவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.