மேக்புக்கில் டிஸ்கைப் பிரித்து விண்டோஸ் கேம் விளையாடலாமா?

கேள்வி: "என்னிடம் ஒரு பழைய மேக்புக் இருக்கிறது. ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரித்து விண்டோஸ் போட்டால் கேம் விளையாடலாம் என்கிறார்கள். செய்யலாமா? ஆபத்து ஏதும் உண்டா?"

செய்யலாம். நான் 2020 ஊரடங்கிலிருந்து செய்துவருகிறேன். ஆபத்தும் உண்டு. எல்லோரும் சொல்லும் ஆபத்து வேறு, நான் பட்டது வேறு. அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் திரையின் இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் சின்னத்தை அழுத்தி, உங்கள் மெஷினில் இருப்பது இன்டெல் சிப்பா, எம் வரிசைச் சிப்பா என்று பாருங்கள். 2020 நவம்பரில் எம்1 வந்ததிலிருந்து அந்த வரிசை எதிலும் பூட் கேம்ப் (மேக்கில் விண்டோஸ் நிறுவ ஆப்பிள் தரும் வசதி) கிடையாது. அவற்றில் டிஸ்கைப் பிரித்துப் பயனில்லை. மேக்கை விட்டு வெளியே வராமலே விண்டோஸ் கேம்களை ஓட்டும் கிராஸ்ஓவர் அல்லது பேரலல்ஸ் மென்பொருள் வழியாகத்தான் போக வேண்டும். வேலரன்ட் போலக் கடுமையான ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் கேம்கள் அவற்றிலும் ஓடாது. நீங்கள் 'பழைய' என்று எழுதியிருப்பதால் இன்டெல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் யாராவது வந்து, "விளையாடுவதற்கு மேக் எதற்கு, ஒரு விண்டோஸ் கணினி வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்று எழுதுவார்கள். நான் இதழ்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்பவன். 2015 மாடல் 13 அங்குல மேக்புக் ப்ரோவை வேலைக்காகத் தவணையில் வாங்கினேன். விளையாட்டுக்கென்று இன்னொரு கணினி வாங்க வசதியில்லை. இருக்கிற மெஷினை முழுதாகப் பயன்படுத்துவதில் என்ன தவறு இருக்கிறது?

அண்ணன் தோஹாவில் வேலை பார்க்கிறார். ஊரடங்கில் அவரால் ஊருக்கு வர முடியவில்லை. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று இரவு இருவரும் சேர்ந்து 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாடுவது என்று முடிவு செய்தோம். அதன் புதிய பதிப்பு மேக்கில் வரவில்லை. மெய்நிகர் கணினியில், அதாவது மேக் ஓடும்போதே அதற்குள் விண்டோஸை ஓட்டும் மென்பொருளில், போட்டுப் பார்த்தேன். நினைவகத்தை இரண்டு இயங்குதளங்களும் பங்குபோட்டுக்கொண்டதால் படம் நின்று நின்று ஓடியது. பூட் கேம்பில் அந்தத் தொல்லை இல்லை. ஆப்ஷன் விசையை அழுத்தியபடி இயக்கி விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால், அது முழு விண்டோஸ் கணினியாகவே எழுந்து நிற்கும். 8 ஜிபி நினைவகமும் விண்டோஸுக்கும் கேமுக்கும்தான்.

நான் செய்த தவறு, 256 ஜிபி டிஸ்கில் விண்டோஸுக்கு வெறும் 64 ஜிபி கொடுத்தது. முதல் முறை நிறுவ குறைந்தது 64 ஜிபி காலி இடம் வேண்டும், 128 இருந்தால் நல்லது என்று ஆப்பிளே சொல்கிறது. நான் அந்தக் குறைந்தபட்ச எண்ணைப் பிடித்துக்கொண்டேன். விண்டோஸ், அதன் அப்டேட்டுகள், முப்பது ஜிபி கேம் எல்லாம் போக, இரண்டு ஆண்டுகளில் மூச்சுவிட இடமில்லை.

2022 ஏப்ரலில் அந்தக் கேமுக்கு இந்தியாவைப் பற்றிய ஒரு விரிவாக்கம் வந்தது. இராஜேந்திர சோழனின் படையெடுப்பை நாமே நடத்தும் பகுதி அதில் உண்டு. அப்பா ஜெயங்கொண்டம் பக்கம் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். கணினிப் பக்கமே வராதவர், இராஜேந்திரன் என்ற பெயர் காதில் விழுந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சுருள்வாள் வீரர்கள் வந்தால், "இது களரிக்காரர்கள் சுழற்றுவதாயிற்றே, இவர்கள் கையில் எதற்குக் கொடுத்தான்?" என்பார். கப்பல்கள் கிளம்பினால் 'அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி' என்று மெய்க்கீர்த்தியைத் தொடங்கி, கடாரம் வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பார். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா என்று ஒவ்வொரு வாரமும் எங்களுக்குப் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வார். அண்ணன் அங்கிருந்து, "அப்பா, இந்த ஆட்டத்தை நீங்களே ஆடுங்கள்" என்பார்.

விண்டோஸ் மற்றும் ஆல்ட் விசைகளோடு 'ஆர்' அழுத்தினால் கேம் பதிவாகும். மைக்கையும் இயக்கி வைத்திருந்ததால் அப்பாவின் குரல் முழுவதும் பதிவானது. பதினோரு வெள்ளிக்கிழமைகள். எல்லாம் விண்டோஸ் பக்கத்தில், வீடியோ ஃபோல்டரில் இருந்தன.

இடம் தீர்ந்தது. மேக் பக்கம் போய், டிஸ்கைப் பிரிக்கும் டிஸ்க் யூட்டிலிட்டியில் மேக்கின் பங்கிலிருந்து 40 ஜிபியைக் குறைத்து, அதை விண்டோஸோடு சேர்க்க முயன்றேன். விண்டோஸில் இடத்தை விரிக்கும் 'எக்ஸ்டெண்ட்' கட்டளை அழுத்த முடியாமல் மங்கலாகவே கிடந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. டிஸ்கில் மேக் முன்னால் இருக்கிறது, விண்டோஸ் கடைசியில் இருக்கிறது. மேக்கைச் சுருக்கினால் காலி இடம் இரண்டுக்கும் நடுவில் விழும். விண்டோஸோ தனக்கு வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். மனை விரிக்க வேண்டுமானால் வீட்டையே பெயர்த்து இடப்பக்கம் நகர்த்த வேண்டும்.

அப்படி நகர்த்தித் தருகிறேன் என்று சொன்ன ஒரு மென்பொருளை நம்பி இறங்கினேன். ஐப்பசி மழை. நகர்த்தல் 37 சதவீதத்தில் இருக்கும்போது மின்சாரம் போனது. என் பேட்டரி அப்போதே இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது. திரையில் அந்த எண் 41-க்கு ஏறியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு திரை அணைந்தது. மின்சாரம் வந்தபின் மேக் எழுந்தது. விண்டோஸ் பார்ட்டிஷன் (டிஸ்கில் அதற்குப் பிரித்த பகுதி) வெறும் சாம்பல் நிறக் கட்டமாகத் தெரிந்தது, பெயர்கூட இல்லை.

மேக்கோடு வரும் பேக்கப் வசதியான டைம் மெஷின் இருக்கிறதே என்று அப்போதும் நம்பினேன். வாரம் தவறாமல் பேக்கப் எடுப்பவன் நான். ஆனால் டைம் மெஷின் மேக் பக்கத்தை மட்டும்தான் எடுக்கும். பூட் கேம்ப் பார்ட்டிஷனை அது தொடுவதே இல்லை. கேள்வி கேட்டவரே, நான் எழுதியிருப்பதில் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். விண்டோஸ் பக்கத்துக்குத் தனி பேக்கப் வேண்டும்.

இனி எழுதுவது உங்கள் கேள்விக்கு வெளியே போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தரவை மீட்டுத் தருமாறு ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். "உள்ளே இருக்கும் வீடியோக்கள்தான் வேண்டும், மெஷின் எப்படிப் போனாலும் பரவாயில்லை" என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் நாள், "டிஸ்க் குழம்பியிருந்தது சார், முழுவதும் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டோம், இப்போது வேகமாக இருக்கும்" என்று சிரித்த முகத்தோடு தந்தார்கள். ஒரு தொலைபேசி அழைப்பு இல்லை. ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், தரவு இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று இருந்தது. என் மெஷினில் இருக்கும் எஸ்எஸ்டி வகை டிஸ்கில் அழித்தபின் மீட்பது ஏறக்குறைய நடக்காத காரியம். காலியான கட்டங்களை 'டிரிம்' கட்டளை துடைத்துவிடும். பாதி நகர்ந்த பார்ட்டிஷனிலிருந்து எதையாவது எடுத்திருக்க வாய்ப்பு இருந்தது. அதையும் மூடிவிட்டார்கள். வாடிக்கையாளரைக் கேட்காமல் டிஸ்கை அழிப்பது திருட்டுக்குச் சமம் என்று இன்றைக்கும் சொல்வேன். கோபத்தில் பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு அப்பா இறந்துவிட்டார். அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாற்பது வினாடித் துண்டு ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. அதில் அவர் மெய்க்கீர்த்தியைத் தொடங்குகிறார். முடிக்கும் இடம் அதில் இல்லை.

பார்ட்டிஷன் முறையே தவறு என்று நான் சொல்லவில்லை. இப்போதும் அதே மெஷினில் 110 ஜிபி ஒதுக்கி அண்ணனோடு ஆடுகிறேன். அளவைத் தொடக்கத்திலேயே தாராளமாக வையுங்கள். பிறகு போதவில்லை என்றால், விண்டோஸ் பக்கத்தில் இருப்பதை வெளியே எடுத்துவிட்டு, பூட் கேம்ப் அசிஸ்டன்ட் வழியாகவே பார்ட்டிஷனை நீக்கி, புதிதாகப் போடுங்கள். ஒரு மாலை நேரம் போகும், அவ்வளவுதான். நகர்த்தித் தரும் மென்பொருள்களை நம்ப வேண்டாம். சிலருக்கு அவை வேலை செய்திருக்கலாம், எனக்குத் தெரிந்தவர் ஒருவருக்கும் வேலை செய்தது. உங்கள் ஊரில் மின்சாரம் எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிரிக்கும்போது அசிஸ்டன்ட் மறுத்தால், பெரும்பாலும் மேக்கின் உள் டிஸ்கிலேயே டைம் மெஷின் வைத்திருக்கும் ஸ்னாப்ஷாட்டுகள் (அந்தந்த நேரத்து நகல்கள்)தான் காரணம். அவற்றை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

பேக்கப்புக்கான வெளி டிஸ்கை எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸின் வழக்கமான முறையான என்டிஎஃப்எஸ்ஸில் உள்ள டிஸ்கை மேக் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட் என்றால் இரண்டு பக்கமும் எழுதும். நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆட்டம் முடிந்து மெஷினை அணைக்கும் முன் பதிவுகளை அதில் போட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. இன்டெல் மேக்குகளில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததால் அதை முறைப்படி போட முடியாது. எனவே அந்தப் பக்கத்தைக் கேமுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வங்கிக் கணக்கை அதில் திறக்காதீர்கள்.

உங்கள் மாடல் எந்த ஆண்டு, டிஸ்க் எவ்வளவு, எந்த கேம் என்று எழுதுங்கள். எவ்வளவு ஒதுக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.