ராத்திரி பதினோரு மணிக்கு யார் படித்துச் சொல்வார்கள்?

கேள்வி: எனக்கு வயது 36. மதுரையில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசின் கடைசிக் காலம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தைவானில் தைப்பேயில் இரண்டு ஆண்டு தங்கி ஆவணங்கள் பார்க்க உதவித்தொகை கிடைத்திருக்கிறது. விருதுநகரில் தனியாக இருக்கும் என் அப்பாவோ (71), "சீனாக்காரன் கதை சோறு போடாது, வந்து மளிகைக் கடையைப் பார்" என்கிறார். சீன வரலாறு எழுதிய அமெரிக்கர் ஃபேர்பேங்க் போல ஆக வேண்டும் என்பது என் கனவு. மனைவியும் என்னோடு டெல்லியில் சீனம் படித்தவள்தான், என்னைவிட நன்றாக வரும். குழந்தை பிறந்ததும் ஆய்வை விட்டுவிட்டாள். இரவில் ஆவணங்களை அவள்தான் படித்துச் சொல்வாள். நான் இல்லாதபோது அவள் அப்பாவோடு இருந்து பார்த்துக்கொள்வாள், அதனால் அந்தக் கவலை இல்லை. போகலாமா, வேண்டாமா?

பதில்: நான்கு பக்கக் கடிதம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். அதில் அப்பாவுக்கு இரண்டு பக்கம், உங்கள் கனவுக்கு ஒன்றரைப் பக்கம். மனைவிக்கு மூன்று வரி. நான் அந்த மூன்று வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சரி, ஒன்று கேட்கிறேன். மனைவியை விருதுநகரில் விட்டுவிட்டுத் தைப்பே போய் இறங்குகிறீர்கள். சிங் காலத்து ஆவணத்தை எடுத்து மேஜையில் வைக்கிறார்கள். நிறுத்தக்குறி இல்லாத பழைய நடை. ராத்திரி பதினோரு மணிக்கு அதை யார் உங்களுக்குப் படித்துச் சொல்வார்கள்?

இதை நீங்கள் யோசித்த மாதிரியே தெரியவில்லை. மின்விசிறி நின்றால்தான் அது ஓடிக்கொண்டிருந்தது நினைவுக்கு வரும்.

ஃபேர்பேங்க் 1991 செப்டம்பர் 12 அன்று தன் கடைசிப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகத்தில் கொடுத்துவிட்டு, இரண்டே நாளில் இறந்துபோனதைச் சிலாகித்து எழுதியிருக்கிறீர்கள். நல்ல சாவுதான். நீங்கள் பார்க்க வேண்டியது 1954-இல் வந்த ஒரு புத்தகத்தின் முகப்பை. மேலைநாடுகளைச் சீனா எப்படி எதிர்கொண்டது என்பதைச் சீனர்களின் ஆவணங்களை மொழிபெயர்த்தே காட்டும் தொகுப்பு. அதில் முதல் பெயர் சீன அறிஞர் தெங் ஸ்ஸூ-யூ, இரண்டாவது பெயர்தான் ஃபேர்பேங்க். அப்போது ஃபேர்பேங்க் ஹார்வர்டில் பேராசிரியர், அமெரிக்காவில் சீன வரலாறு என்றாலே அவர்தான். அவரால் தன் பெயரை இரண்டாவதாகப் போட முடிந்தது. உங்கள் கட்டுரைகளில் மனைவி பெயர் எங்கே இருக்கிறது? "நன்றி" என்று அடிக்குறிப்பிலா? அதுகூட இல்லையா?

ஃபேர்பேங்கின் மாணவி மேரி ரைட்டை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சிங் அரசைத் திரும்பத் தூக்கி நிறுத்த நடந்த 'துங்சி மீட்சி' என்ற முயற்சி பற்றி அவர் 1957-இல் எழுதிய புத்தகத்தைத் தொடாமல் உங்கள் தலைப்பில் யாரும் எழுத முடியாது. ஆனால் வாழ்க்கையைப் படித்தீர்களா? 1940-இல் ஆர்தர் ரைட்டைக் கல்யாணம் செய்தார். கணவர் சீன பௌத்தம் ஆராய்ந்தவர். இரண்டு பேரும் பெய்ஜிங் போனார்கள். போர் வந்தது. 1943-இல் ஜப்பானியர்கள் இருவரையும் ஷாண்டுங்கில் வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள், போர் முடியும்வரை அங்கேதான். வெளியே வந்ததும் ஊருக்கு ஓடவில்லை. மேரி ஸ்டான்ஃபோர்டின் ஹூவர் நூலகத்துக்காகப் புத்தகம், செய்தித்தாள், துண்டுப்பிரசுரம் என்று சேகரித்தார். கம்யூனிஸ்டுகளின் தலைமையிடமான யெனான் வரை போனார். திரும்பி வந்த பிறகு கணவர் ஸ்டான்ஃபோர்டில் வரலாறு கற்பித்தார், மேரி பத்தாண்டுக்கு மேல் அந்த நூலகத்தின் சீனத் தொகுப்பைப் பார்த்துக்கொண்டார். இரண்டு பையன்களையும் வளர்த்து, அந்தப் புத்தகத்தையும் எழுதினார். 1959-இல் யேல் பல்கலைக்கழகம் இரண்டு பேரையும் சேர்த்து அழைத்தது. அங்கே கலை அறிவியல் பிரிவில் நிரந்தரப் பதவி பெற்ற முதல் பெண் மேரிதான். 52 வயதில், 1970-இல் இறந்துவிட்டார். இன்னும் எவ்வளவோ எழுதியிருக்க வேண்டியவர்.

சிங் அரசையே உலுக்கிய தைப்பிங் கலகத்துக்குப் பிறகு அந்த அரசைத் தூக்கி நிறுத்தப் பார்த்தவர்கள் திறமைசாலிகள்தான், ஆனால் நவீன அரசுக்குத் தேவையானதும் பழைய கன்ஃபூசிய ஒழுங்கும் ஒன்றுக்கொன்று முரண்பட்டதால்தான் அந்த முயற்சி தோற்றது என்பது மேரியின் வாதம். உங்கள் திட்டமும் அதே லட்சணத்தில்தான் இருக்கிறது: நவீனம் உங்களுக்கு, சம்பிரதாயம் மனைவிக்கு.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். நான் பழைய ஆள். பெற்றவரைப் பார்த்துக்கொள்வது பிள்ளையின் கடமை என்று நம்புகிறவன். கவனியுங்கள், பிள்ளையின் கடமை. மருமகள் பார்த்தால் அது அவருடைய பெரிய மனசு. அந்த மனசை அவரைக் கேட்காமலே கணக்கில் எழுதிக்கொண்டு "அந்தக் கவலை இல்லை" என்கிறீர்களே, யாருடைய கவலை? அப்பா கேட்பது கடைக்கு ஆளா, வீட்டில் பேச்சுத்துணையா என்று ஒரு தடவையாவது நேரில் உட்கார்ந்து கேட்டீர்களா? போனில் கேட்டதெல்லாம் கணக்கில் வராது.

தைப்பே போங்கள், மனைவி குழந்தையோடு மூன்று பேராகப் போங்கள். குடும்பத்தோடு வரலாமா, ஓராண்டு தள்ளி வரலாமா என்று உதவித்தொகை தருகிறவர்களிடம் கேளுங்கள். மனைவி மறுபடி பதிவு செய்ய வழி உண்டா என்று பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். கடையை என்ன செய்வது என்பது அப்பாவின் முடிவு, அவரை யார் பார்ப்பது என்பது உங்கள் பொறுப்பு. முடியாது என்று ஆகிவிட்டால், கிளம்புவதற்குள் நீங்களே ஒழுங்காகச் சீனம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கும் வீட்டிலேயே டீச்சர் இருக்கிறார், ஃபீஸ் கொடுத்துவிடுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. ஆய்வேட்டில் எழுதி முடித்த அத்தியாயங்களை மனைவியிடம் கொடுங்கள். எந்தெந்த மொழிபெயர்ப்பு அவர் செய்தது என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். அந்தப் பக்கங்களை உங்கள் கைடிடம் நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், இந்தத் தடவை ஒரு போஸ்ட் கார்டு போதும்: கோடு விழாத பக்கம் எத்தனை?