குறைந்த விலை டவர் ஸ்பீக்கர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: எங்கள் ஹால் 4 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம். படம் பார்க்க அல்ல, பாட்டு கேட்க மட்டும். தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கரும் ஸ்டாண்டில் வைக்கும் சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வருகின்றன. பெரியதை வாங்குவதுதானே லாபம்?

இந்த அறைக்கு லாபமில்லை. விலை ஒன்றாக இருக்கும்போது டவரில் பணத்தின் பெரும்பங்கைப் பெட்டியே விழுங்கிவிடுகிறது. பலகை கூடுதல், வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய கூம்பு) கூடுதல், பேக்கிங்கும் ஏற்றுக்கூலியும் கூடுதல். ட்வீட்டருக்கும் (உயர்ந்த ஒலிக்கான சிறிய ஸ்பீக்கர்) கிராஸ்ஓவருக்கும் (ஒலியைப் பிரித்து இரண்டுக்கும் அனுப்பும் சுற்று) மிஞ்சுவது சொற்பம். பாடகரின் குரலும் வயலினும் எப்படிக் கேட்கும் என்பதோ பெரிதும் அவற்றின் கையில் இருக்கிறது.

அறையும் ஒத்துழைக்காது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி மோதித் திரும்பும்போது சில சுரங்கள் மட்டும் வீங்கிக் கேட்கும். ஒலியின் வேகமான 343-ஐ (நொடிக்கு மீட்டரில்) அறையின் நீளத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் முதல் வீக்கம் எந்த ஹெர்ட்ஸில் என்று தெரிந்துவிடும். உங்கள் ஹாலில் நீளவாக்கில் 43 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் அடுத்தடுத்து. டவர் கூடுதலாகத் தரும் பேஸ் (தாழ்ந்த ஒலி) சரியாக அங்கேதான் போய் விழும். 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் நல்ல புக்‌ஷெல்ஃப் ஜோடி இங்கே போதும். ஸ்டாண்டு விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் அதை மறந்துவிட்டு ஒப்பிடுகிறார்கள்.

அறை 20 சதுர மீட்டரைத் தாண்டினால், 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து சற்றுச் சத்தமாகக் கேட்பவர் என்றால், கணக்கு டவர் பக்கம் சாயும். அதே வாட்டுக்கு 2, 3 டெசிபல் கூடுதல் சத்தம் பெரும்பாலும் கிடைக்கும். சத்தத்தை ஏற்றினாலும் திணறாது.

கேள்வி: ஒரு டவரின் விவரத்தாளில் "35 ஹெர்ட்ஸ் – 25 கிலோஹெர்ட்ஸ், 90 டெசிபல், 4 ஓம், 200 வாட்" என்று இருக்கிறது. இதில் எதை நம்பலாம்?

முதல் எண்ணுக்குப் பக்கத்தில் "±3 டெசிபல்" என்று இருக்கிறதா பாருங்கள்: அந்த வரம்புக்குள் சத்தம் 3 டெசிபலுக்கு மேல் ஏறவோ இறங்கவோ செய்யாது என்று பொருள். இல்லையென்றால் அந்த 35-க்கு அர்த்தமே இல்லை. 10 டெசிபல் சரிந்த இடத்தை எடுத்துப் போட்டிருந்தாலும் விவரத்தாள் அப்படியேதான் இருக்கும். வெறும் "35" என்பதைவிட "45 ஹெர்ட்ஸ், ±3 டெசிபல்" என்று எழுதியவரை நம்பலாம். பேஸ் கிதாரின் தடித்த தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான். அதற்குக் கீழே பியானோவின் கடைசிச் சில கட்டைகள், பைப் ஆர்கன், சில மின்னணு இசை தவிர அதிகம் எதுவும் இல்லை. 25 கிலோஹெர்ட்ஸை விட்டுவிடுங்கள், மனிதக் காது 20-ஐத் தாண்டாது.

90 டெசிபல் என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. வழக்கமாக 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டரில் அளப்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 1 வாட். 4 ஓமுக்கு 2 வாட். ஆக, உங்கள் தாளில் உள்ள 90, வாட் கணக்கில் பார்த்தால் 87தான். சில நிறுவனங்கள் எதிரொலி உள்ள அறையிலேயே அளந்து இன்னும் ஏற்றிக் காட்டுகின்றன.

ஓம் விஷயத்தில் பெயரளவு எண்ணைவிடக் குறைந்தபட்ச இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் தரும் தடை) முக்கியம். 4 ஓம் என்றால் சில அலைவரிசைகளில் 3.2 வரை இறங்குவது விதிப்படி சரியே. அதற்கும் கீழே போகும் டவர்களும் உண்டு. ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் "குறைந்தது 6 ஓம்" என்று அச்சிட்டிருந்தால் இந்த ஜோடி வேண்டாம். சத்தத்தை ஏற்றும்போது ஆம்ப் சூடேறி, பாதுகாப்புச் சுற்று வேலைசெய்து, பாட்டு நடுவில் அறுந்துபோகும்.

200 வாட்டால் எந்தத் தகவலும் இல்லை. ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அது சொல்ல வருகிறது, அதையும் எவ்வளவு நேரம் என்று சொல்லாமல். எடையைப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு டவர்களில் கனமானது பெரும்பாலும் உள்ளே குறுக்குப் பலகை கொடுத்துக் கட்டியதாக இருக்கும். பக்கப் பலகையின் நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். "டொக்" என்று நின்றால் நல்லது. "டம்ம்ம்" என்று இழுத்தால் அந்த ரீங்காரம் ஒவ்வொரு பாட்டிலும் கூடவே வரும்.

கேள்வி: கடையில் எப்படி ஒப்பிட்டுக் கேட்பது? எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன.

சத்தத்தைச் சமப்படுத்தாமல் கேட்டால் அப்படித்தான் தோன்றும். அல்லது, சத்தமாக இருப்பது நல்லதாகத் தோன்றும். 1 டெசிபல் வித்தியாசத்தைக் காது "சத்தம் கூடுதல்" என்று அடையாளம் காணாது, "தெளிவு கூடுதல்" என்று எடுத்துக்கொள்ளும். செல்போனில் ஒரு டெசிபல் மீட்டர் செயலி, பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுரங்களும் கலந்த இரைச்சல்) கோப்பு ஒன்று. இரண்டும் இருந்தால் போதும். உட்காரும் இடத்தில் போனை அசையாமல் வைத்து, இரு ஜோடிகளையும் அரை டெசிபலுக்குள் கொண்டுவாருங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, வித்தியாசத்தைச் சரியாகவே காட்டும். ஆம்ப்பில் பேஸ், ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) திருகுகள் நடுவில் இருக்கட்டும். சப்வூஃபர் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

முதலில் பேஸைக் கேட்காதீர்கள். கடையின் பேஸ் அந்த அறைக்குச் சொந்தம், வீட்டுக்கு வராது. கூடவே வருவது நடுப்பகுதிதான். ஆகவே இசையே இல்லாத ஆண்குரல் ஒன்றைப் போடுங்கள், செய்தி வாசிப்பு போல. பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருந்தால் பெட்டி பேசுகிறது என்று பொருள். பிறகு "ச", "ஸ" நிறைந்த பெண்குரல். விலை குறைந்த டவர் சிலவற்றில் ட்வீட்டருக்கு ஒற்றைக் கெபாசிட்டர் (தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் மின்பாகம்) மட்டும் போட்டு, வூஃபரை எந்த வடிகட்டலும் இல்லாமல் நேராக இணைத்திருப்பார்கள். அங்கே இந்த எழுத்துகள் ஊசியாகக் குத்தும். மூன்றாவதாக, மிருதங்கம் தனியாக ஒலிக்கும் இடம். தொப்பியின் அடியும் வலந்தலையின் அடியும் ஒரே வாத்தியத்திலிருந்து வர வேண்டும், மேலும் கீழுமாக இரண்டு பெட்டிகளிலிருந்து அல்ல. கடைசியில் பல வாத்தியங்கள் சேர்ந்து முழங்கும் பகுதி. நடுவே ஒன்றை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு போக முடிகிறதா?

எழுந்து நின்றும் கேளுங்கள். நின்றதும் ட்ரெபிள் சட்டென்று மங்கினால், அந்த ஸ்பீக்கர் ஒரே நாற்காலிக்கு மட்டும் வாசிக்கும்.

கேள்வி: "100 மணி நேரம் ஓடினால் ஒலி பழகிவிடும்" என்கிறார் விற்பனையாளர்.

வூஃபரின் விளிம்பு முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் இளகும். அவ்வளவுதான். கூர்மையாகக் குத்தும் ட்வீட்டர் இனிமையாக மாறாது, காதுதான் பழகும். திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் முடிவெடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் ஆம்ப் 40 வாட். 87 டெசிபல், 8 ஓம் டவருக்குப் போதுமா?

போதும். 40 வாட் என்பது 1 வாட்டுக்கு மேல் 16 டெசிபல். ஒரு ஸ்பீக்கர் 1 மீட்டரில் 103 டெசிபல் தரும். சாதாரண அறையில் 3 மீட்டர் தூரத்துக்கு 6 முதல் 8 வரை கழியும், இரண்டாவது ஸ்பீக்கர் 3 சேர்க்கும். உச்சத்தில் 98-ஐ ஒட்டி நிற்கிறீர்கள், வீட்டுக்கு அது தாராளம். 80 வாட் ஆம்ப்புக்கு மாறினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். ஒலி கரகரக்கத் தொடங்கியதும் வால்யூமைக் குறையுங்கள்: ட்வீட்டர்களை எரிப்பது பெரும்பாலும் சிறிய ஆம்ப்பை எல்லை மீறி முறுக்குவதுதான்.

கேள்வி: புது டவர் வீட்டுக்கு வந்ததும் பேஸ் குமுறுகிறது. பக்கத்து வீட்டு நண்பருக்கோ அதே மாடலில் பேஸே இல்லையாம்.

நண்பருக்கு முதலில்: ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருக்கலாம். அப்போது இரண்டு வூஃபர்களும் ஒன்றையொன்று அழிக்கும். பாடகரின் குரலும் நடுவில் நிற்காமல் அலையும். வயரைச் சரியாக மாட்டினால் முடிந்தது.

உங்களுக்கு: பெட்டியின் பின்பக்கம் சுவரிலிருந்து 50 செ.மீ. விலகட்டும். பக்கச்சுவர் தூரமும் பின்சுவர் தூரமும் ஒரே அளவாக இருக்க வேண்டாம். சோபா பின்சுவரை ஒட்டியிருந்தால் அதுவே பாதிக் காரணம், அங்கேதான் பேஸ் குவிகிறது. அரை மீட்டர் முன்னே இழுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும், 10 செ.மீ. வீதம் நகர்த்தி, அதே பாட்டைக் கேளுங்கள். சுவரிலிருந்து ரொம்ப விலக்குவதும் ஆபத்து: முன்பலகை சுவரிலிருந்து 1 மீட்டரில் இருந்தால், திரும்பி வரும் ஒலி 86 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் தோண்டும். நகர்த்த இடமே இல்லையென்றால் பெட்டியில் காற்று வந்துபோகும் போர்ட் துளையில் ஸ்பாஞ்சை அடையுங்கள். பேஸ் கொஞ்சம் குறையும், குமுறல் நிறையக் குறையும்.

கேள்வி: பழைய டவர் வாங்கலாமா? எதைச் சோதிப்பது?

குறைந்த பணத்தில் நல்ல டவர் வேண்டுமானால் இதுதான் சிறந்த வழி, கையில் மல்டிமீட்டர் இருந்தால். வூஃபர் விளிம்பு ரப்பரா ஃபோமா பாருங்கள். ஃபோம் காலப்போக்கில் பொடியாகும். விரலில் ஒட்டினால் மாற்றும் செலவைப் பேரத்தில் கழியுங்கள். கூம்பின் இருபுறமும் விரல்களை வைத்து மெதுவாக, சாயாமல் அழுத்துங்கள். உரசல் கேட்டால் உள்ளே உள்ள கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) கெட்டுவிட்டது. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 காட்டும். இரண்டும் ஒத்திருக்க வேண்டும். பின்னால் நான்கு முனைகள் இருந்து, இணைக்கும் உலோகப் பட்டையைக் கழற்றி அளந்தால் ட்வீட்டர் பக்கம் எதுவும் காட்டாது. நடுவில் உள்ள கெபாசிட்டர் மீட்டரின் மின்னோட்டத்தைத் தடுப்பதால் அப்படி, அது பழுதல்ல. ஆனால் அந்தப் பட்டை தளர்ந்தோ காணாமலோ இருந்தால் ட்வீட்டரோ வூஃபரோ ஊமையாகிவிடும். "ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு" என்று மலிவாக வரும் சில ஜோடிகளின் கதை இவ்வளவுதான்.

மோனோவில் (இரு பக்கமும் ஒரே ஒலி) போட்டு இடது, வலது மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒன்று மந்தமாக இருந்தால் ட்வீட்டர் மாற்றப்பட்டிருக்கலாம், கெபாசிட்டர் வயதாகியிருக்கலாம். கடைசியாகப் பெட்டியைச் சாய்த்து அடிப்பக்கம். தரை துடைக்கும் ஈரத்தை உறிஞ்சி எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை உப்பியிருந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை.

கேள்வி: வயர்?

5 மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ. செப்பு வயர் போதும், போய்வரும் மொத்த மின்தடை 0.12 ஓம்தான். 4 ஓம் ஸ்பீக்கரோ அதிகத் தூரமோ என்றால் 2.5. செம்பு பூசிய அலுமினியத்தைத் தவிர்க்கலாம். ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் ஒரு அளவு தடித்ததாகப் போடுங்கள்.