மாற்று மருத்துவத்தைச் சந்தேகத்தோடும் திறந்த மனதோடும் ஒரே நேரத்தில் அணுக முடியுமா?

முடியும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு தோள்வலி.

இடது தோள் இறுகிப்போய், சட்டை மாட்டவே இன்னொருவர் உதவி தேவைப்பட்டது. டாக்டர் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்றார். சில பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து, தானாகச் சரியாக ஓரிரு வருடம்கூட ஆகலாம் என்றார். ஞாயிறுதோறும் சுவரை ஒட்டி நின்று, கை எட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வந்தேன். ஐந்தாம் மாதம், நண்பர் ஒருவர் சொல்லி, உடலில் மெல்லிய ஊசிகளைக் குத்திச் செய்யும் அக்குபங்சருக்குப் போனேன். ஆறு வாரத்தில் கை தலைக்கு மேலே போனது. பார்த்தவர்களிடமெல்லாம் ஊசியின் பெருமையைப் பேசினேன். அப்புறம் ஒருநாள் அந்தக் கோடுகளை நிதானமாகப் பார்த்தேன். முதல் ஊசிக்கு மூன்று வாரம் முன்பே அவை ஏறத் தொடங்கியிருந்தன. ஊசிக்குப் பிறகும் அதே வேகம்தான்.

அதனால் ஊசி பொய் என்று ஆகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, காக்கைதான் தள்ளிவிட்டதா என்று என் ஒரு தோளை வைத்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புது வைத்தியரைத் தேடிப் போகிறோம். உச்சத்துக்குப் பிறகு பெரும்பாலும் இறக்கம்தானே? அந்த நேரத்தில் எதைச் செய்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

அப்படியானால் எப்படித்தான் தெரிந்துகொள்வது? எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி செய்ததை நினைத்துக்கொள்வேன். உடலைத் தொடாமலே அதன் ஆற்றலைக் கைகளால் உணர்ந்து குணப்படுத்துவதாகச் சொன்ன 21 பேரை ஒரு தடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்தாள். அவர்கள் இரு கைகளையும் துளை வழியே நீட்டினார்கள். நாணயத்தைச் சுண்டி, ஏதாவது ஒரு கைக்கு மேல் தன் கையைப் பிடித்து, "எந்தக் கை?" என்று கேட்டாள். 280 முறையில் 44 சதவீதம்தான் சரியான பதில். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வந்திருக்கும். 1998ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இது வெளிவந்தபோது அவளுக்கு வயது 11. அவர்களை ஏளனம் செய்யாமல், உணர்வதாகச் சொன்னதை உணர்ந்து காட்ட வாய்ப்புக் கொடுத்தாள். திறந்த மனது என்று நான் நினைப்பது அதைத்தான்.

சோதித்தால் பழைய வைத்தியம் ஜெயிப்பதும் உண்டு. மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன விஞ்ஞானி தூ யூயூவுக்குக் கை கொடுத்தது சுமார் 1,600 வருடப் பழைய ஒரு மருத்துவக் குறிப்பு. மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் சாறு எடுத்தார். ஆர்டிமிசினின் கிடைத்தது, 2015ல் நோபல் பரிசும் வந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுவேன். பரவாத நிலையிலிருந்த சில புற்றுநோய்களுக்கு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களின் இறப்பு அபாயம் சுமார் இரண்டரை மடங்கு என்று 2018ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 'இயற்கைதானே' என்பதும் சமாதானம் ஆகாது: மனச்சோர்வுக்குச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை, கருத்தடை மாத்திரையின் வேலையையே குறைத்துவிடும்.

இப்போது முழங்கால் வலிக்கு ஒரு மூலிகை எண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரம் அதைத் தொடாமல், தினமும் வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் மட்டும் போட்டு வந்தேன். பாட்டிலை இந்தத் திங்கள்கிழமைதான் திறந்தேன்.