அமெரிக்காவை மாற்றிய எழுத்துகளில் என் ஓட்டு, குறி தப்பிய ஒரு நாவலுக்கு

அமெரிக்க வரலாற்றையும் சமூகத்தையும் மாற்றிய எழுத்துகளில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் எதைச் சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சுதந்திரப் பிரகடனம், லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரை, பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதம் எல்லாம் யார் பட்டியல் போட்டாலும் வந்துவிடும். நான் சொல்வது அப்டன் சிங்ளேரின் 'தி ஜங்கிள்'. 1906-இல் புத்தகமாக வந்த நாவல். இலக்கியமாக எடை போட்டால் சுமார் ரகம்தான்.

இதில் கொஞ்சம் தொழில் பாசமும் உண்டு. அமெரிக்காவுக்கு இறால் ஏற்றுமதி செய்யும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் பெயரை உச்சரிக்காமல் எங்களுக்குப் பொழுது போகாது. அந்த அமைப்புக்கு வேர், 1906-இல் இந்த நாவல் கிளப்பிய புயலோடு வந்த ஒரு சட்டம்.

சிங்ளேர் ஒரு சோசலிஸ்ட். 1904-இல் சிகாகோ இறைச்சி ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் தோற்றது. 'அப்பீல் டு ரீசன்' என்ற சோசலிஸ்ட் வாரப் பத்திரிகை 500 டாலர் முன்பணம் கொடுத்து, இந்தத் தொழிலாளர்களைப் பற்றி எழுது என்று அவரை அனுப்பியது. அப்போது அவருக்கு 26 வயது. சுமார் ஏழு வாரம் அங்கே தங்கினார். பழைய உடுப்பும் கையில் ஒரு சாப்பாட்டுத் தூக்கும் இருந்தால் போதும், ஆலைக்குள் யாரும் தடுக்க மாட்டார்கள் என்று கண்டுகொண்டார்.

கதை, லிதுவேனியாவிலிருந்து வரும் யூர்கிஸ் என்ற வாட்டசாட்டமான இளைஞனையும் அவன் குடும்பத்தையும் பற்றியது. 1,500 டாலருக்கு ஒரு 'புது' வீட்டை, 300 டாலர் முன்பணம், மாதம் 12 டாலர் தவணை என்று வாங்குகிறார்கள். வட்டி தனி என்பது பிறகுதான் தெரிகிறது. வீடும் புதிதில்லை, பெயின்ட்தான் புதிது. வேலையில் காலில் அடிபட்டுப் படுத்தால் சம்பளம் கிடையாது. ஒவ்வொன்றாக எல்லாம் கைவிட்டுப் போகிறது. சிங்ளேர் சொல்ல வந்தது இதைத்தான். 'அமெரிக்காவின் தொழிலாளர்களுக்கு' என்று சமர்ப்பணமே போட்டிருக்கிறார்.

ஆனால் ஊர் பிடித்துக்கொண்டது சில பக்கங்களை மட்டும். எலித்தொல்லைக்கு விஷம் வைத்த ரொட்டியைப் போடுவார்கள், எலி சாகும், எலியும் ரொட்டியும் இறைச்சியோடு சேர்ந்து சாசேஜ் இயந்திரத்துக்குள் போகும். இந்த மாதிரிப் பக்கங்கள்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறொரு இடம். யூர்கிஸ் குடும்பத்தார் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். வாசலில் ஓர் அரசு ஆய்வாளர் உட்கார்ந்து, காசநோய் இருக்கிறதா என்று அறுத்த பன்றிகளின் கழுத்துச் சுரப்பிகளைத் தடவிப் பார்க்கிறார். நல்ல மனுஷர், கேட்டால் விளக்கமும் சொல்கிறார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு டஜன் பன்றிகள் கை படாமலே அவரைத் தாண்டிப் போய்விடுகின்றன. லஞ்சம் இல்லை, மிரட்டல் இல்லை, வெறும் பேச்சு. ஓடும் பெல்ட் பக்கத்தில் நின்று சாம்பிள் எடுத்தவர்களுக்கு இந்த வரி உறைக்கும்.

புத்தகம் வந்ததும் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் படித்தார். அவருக்கு சோசலிசம் ஆகாது, சிங்ளேரையும் முழுதாக நம்பவில்லை. சரிபார்க்க நீல், ரெனால்ட்ஸ் என்ற இருவரைச் சிகாகோவுக்கு அனுப்பினார். அவர்கள் அறிக்கையில் ஒரு காட்சி: அறுத்துக் கழுவிய பன்றி ஒன்று தொங்கவிட்டிருந்த கம்பியிலிருந்து நழுவி, அழுக்குத் தரையில் சறுக்கி, கழிவறைக்குள் பாதி போய்விடுகிறது. இரண்டு பேர் தூக்கி வண்டியில் வைத்துக் குளிர்பதன அறைக்குக் கொண்டுபோய், கழுவாமலே மற்றவற்றோடு தொங்கவிடுகிறார்கள். நாவலே தேவலை என்று ஆகிவிட்டது.

1906 ஜூன் 30 அன்று இறைச்சி ஆய்வுச் சட்டம், தூய உணவு மற்றும் மருந்துச் சட்டம் இரண்டிலும் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். இரண்டாவதன் பெருமையை நாவலுக்கே எழுதிவைப்பது நியாயமில்லை. அரசு வேதியியலாளர் ஹார்வி வைலி பல வருடங்களாக அதற்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நாவல் கடைசித் தள்ளு தள்ளியது. அந்தச் சட்டத்தை நடத்திய வேதியியல் பிரிவுதான் பின்னால் வளர்ந்து, 1930-இல் எஃப்.டி.ஏ. என்று பெயர் பெற்றது.

இறைச்சி முதலாளிகளும் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. ஆய்வுச் செலவு அவர்கள் தலையில் விழாமல் அரசாங்கத்தின் மேல் போனது. டப்பாவில் தேதி போட வேண்டும் என்ற முன்மொழிவும் காணாமல் போனது. அரசு முத்திரை கிடைத்தது, ஏற்றுமதிக்கு நல்ல விளம்பரம். தொழிலாளிக்கு? சங்கம் வைக்கும் உரிமைக்கு 1935 வரையும், குறைந்தபட்சக் கூலிக்கு 1938 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. மக்களின் இதயத்தைக் குறிபார்த்தேன், தவறுதலாக வயிற்றில் பட்டுவிட்டது என்று சிங்ளேரே புலம்பினார்.

குறி தப்பாத எழுத்துகளும் உண்டு. தாமஸ் பெய்ன் 1776 ஜனவரியில் பெயர் போடாமல் வெளியிட்ட 'காமன் சென்ஸ்' ஒன்று. அமெரிக்காவுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஆங்கிலேயர் அவர். பிரிட்டனோடு சண்டை ஏற்கெனவே தொடங்கியிருந்தாலும் அதன் அரசரோடு சமாதானமாகிவிடலாம் என்று பலர் நினைத்த நேரத்தில், ராஜா எதற்கு என்றே கேட்டார். ஆறே மாதத்தில் சுதந்திரப் பிரகடனம் வந்தது. ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' 1852-இல் வந்து, முதல் வருடமே அமெரிக்காவில் மூன்று லட்சம் பிரதி விற்றது. அடிமை முறைக்கு எதிரான கோபத்தை வீட்டுக் கூடம்வரை கொண்டுபோனது. இவர்கள் கேட்டது நடந்தது. சிங்ளேர் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ஒரு நாடு எதைப் படித்துக் கோபப்படும், எதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பும் என்பது இந்தப் புத்தகத்தில் தெரிகிற அளவு மற்ற இரண்டிலும் தெரியாது. அதனால்தான் என் ஓட்டு இதற்கு.

காப்புரிமை முடிந்துவிட்டதால் ஆங்கில மூலம் 'புராஜெக்ட் குட்டன்பர்க்' இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மொத்தம் 31 அத்தியாயம். நேரமில்லை என்றால் 3, 9, 14 மூன்றையும் படியுங்கள். சாப்பிட்ட உடனே 14-ஐத் திறக்க வேண்டாம். கடைசி நாலு அத்தியாயம் பெரும்பாலும் சோசலிசப் பேச்சு. யூர்கிஸே அதில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான், நீங்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.