மக்காச்சோளம்: உழவு எப்படி, உரம் எங்கே?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மக்காச்சோளத்தைப் பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் சட்டிக் கலப்பை, கொத்துக் கலப்பை, ரோட்டவேட்டர் என்று மூன்று ஓட்டு ஓட்டி, அடியுரத்தைத் தூவிவிட்டு விதைக்கிறேன். பக்கத்துக் காட்டுக்காரர் போன போகத்துத் தட்டையை அப்படியே விட்டுவிட்டு, உழாமலே கருவி வைத்து விதைக்கிறார். உரத்தையும் அந்தக் கருவியே மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது. விளைச்சல் அவருக்குத்தான் கூடுதல். நானும் உழவை நிறுத்திவிடலாமா?

அவசரப்படாதீர்கள். அவர் உழவையும் மாற்றியிருக்கிறார், உரம் விழும் இடத்தையும் மாற்றியிருக்கிறார். கூடுதல் மூட்டை எதனால் வந்தது என்று அவரைக் கேட்டாலும் சொல்ல முடியாது.

முதலில் உழவு. 63 நாடுகளில் 48 பயிர்களை வைத்து நடந்த 610 ஆய்வுகளைத் திரட்டி 2015-ல் ஒரு பெரிய அலசல் வந்தது. உழாத வயல்களில் விளைச்சல் சராசரியாக 5.7 சதவீதம் குறைவு என்றுதான் அதில் வந்தது. ஆனால் அதே அலசலில், வறண்ட மானாவாரி நிலத்தில் தட்டையை மூடாக்காக விட்டுப் பயிரையும் மாற்றி மாற்றிப் போட்ட இடங்களில் 7.3 சதவீதம் கூடுதலாகவே கிடைத்திருக்கிறது. ஈரம் காக்கப்படுவதுதான் அங்கே பெரிய லாபம். அப்புறம் மண்ணைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1960-களின் தொடக்கத்தில் ஆரம்பித்துப் பல பத்தாண்டுகள் நடந்த சோதனை வயல்கள் உண்டு. வடிகால் நன்றாக உள்ள மண்ணில் உழாத மக்காச்சோளம் உழுததற்கு ஈடாகவோ ஒரு படி மேலாகவோ நின்றது, தண்ணீர் தேங்கும் களிமண்ணில் மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளமே போட்டபோது பின்தங்கிவிட்டது. ஆக, உங்கள் நிலத்தில் மழைக்குப் பிறகு எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, முந்தைய பயிர் என்ன என்பது தெரியாமல் யாராவது “உழவே வேண்டாம்” என்றோ “உழாமல் விளையாது” என்றோ சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதை நம்பிக் கலப்பையை மட்டும் விற்றுவிடாதீர்கள்.

இனி உரம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் போட்ட இடத்தைவிட்டுச் சில மில்லிமீட்டர்தான் நகரும், வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். சாம்பல்சத்து (பொட்டாஷ்) அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நகரும், அவ்வளவுதான். நைட்ரேட்டாக மாறிய தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும் தண்ணீரோடு சேர்ந்து ஓடும். நீங்கள் தூவி உழும்போது கலப்பை இந்த மூன்றையும் 15, 20 செ.மீ. ஆழம் வரை கலந்துவிடுகிறது, அதனால் எங்கே தூவினோம் என்ற கவலை உங்களுக்கு இல்லை. உழவை நிறுத்திய நாளிலிருந்து அந்தக் கலக்குகிற ஆள் கிடையாது. பழையபடி தூவிக்கொண்டே இருந்தால் நாலைந்து வருடத்தில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மேல் 5 செ.மீ.யில் குவிந்துவிடும், மழை தள்ளிப்போய் அந்த மேல்தட்டு காய்ந்தால் சத்து கண்முன்னே இருந்தும் பயிருக்குக் கிடைக்காது. உழவைக் குறைக்கிறவர் உரத்தின் இடத்தையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். உங்கள் பக்கத்துக் காட்டுக்காரர், தெரிந்தோ தெரியாமலோ, அதைத்தான் செய்திருக்கிறார்.

விதைக்குப் பக்கவாட்டில் 5 செ.மீ., விதைக்குக் கீழே 5 செ.மீ. தள்ளி உரத்தை ஒரு கோடாக இறக்குவது நன்றாகப் பழகிய முறை. முதல் வேர்கள் கீழ்நோக்கிச் சாய்வாக இறங்கும்போது நேராக அந்தக் கோட்டில் போய் முட்டும். மண் பரிசோதனையில் மணிச்சத்து குறைவு என்று வந்த நிலத்தில் இப்படிக் கோடாக வைத்தால், தூவுவதைவிடக் குறைந்த அளவிலேயே வேலை நடக்கும். ஏற்கெனவே சத்து நிறைந்த நிலத்தில், வெளிப்படையாகச் சொன்னால், எங்கே வைத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. விதைத்த ஒரு மாதத்தில் பயிர் ஒரு சாண் கூடுதலாக நிற்பதைப் பார்த்துக் குஷியாகிவிடுகிறோம், கதிர் எடை போடும்போது அந்தச் சாண் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.

கேள்வி: விதைக்கிற வரியை மட்டும் உழுது, உரத்தை ஆழமாக இறக்கும் முறை இரண்டுக்கும் நடுவழி என்கிறார்கள். செலவுக்குத் தகுமா?

முறை என்ன என்று மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வரிசை வரும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் 15 முதல் 20 செ.மீ. ஆழம் கிளறி, அந்தக் கிளறலிலேயே உரத்தை இறக்கிவிட்டு, வரிசைக்கு இடைப்பட்ட நிலத்தைத் தட்டையோடு அப்படியே விட்டுவிடுவது. விதைக்கும் இடம் பொலபொலவென்று இருக்கும், குளிர்ந்த பகுதியில் சீக்கிரம் சூடேறும், மீதி நிலத்தில் மண் அரிப்பும் குறையும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1990-களில் இதை நிறையச் சோதித்தார்கள். மணிச்சத்தை ஆழமாக இறக்கினால் விளைச்சல் ஏறும் என்று எதிர்பார்த்த இடத்தில், தூவியதற்கும் இறக்கியதற்கும் சொல்லும்படியான வேறுபாடு வரவில்லை. ஏறியது பொட்டாஷில்! உழாத வயலில் பொட்டாஷை ஆழமாகக் கொடுத்தபோது சிறிய அளவில் விளைச்சல் கூடியது, அதுவும் பயிர் வேகமெடுக்கும் காலத்தில் மேல் மண் காய்ந்துபோன ஆண்டுகளில் நன்றாகத் தெரிந்தது. எல்லோரும் மணிச்சத்துக்காகப் போடும் டிஏபி உரத்தைப் பற்றியே பேசுகிறோம், பொட்டாஷை ஒரு கை தூவிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அந்த ஏற்றம் சிறியது, கருவி பெரியது. சொந்தமாகக் கருவி வாங்குகிற அளவுக்கு நிலம் இல்லாதவர் வாடகைக்குக் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

கேள்வி: உழாமல் விதைத்த வயலில் இளம்பயிரின் இலை ஊதாவாக இருக்கிறது. மேலே டிஏபி தூவலாமா?

தூவாதீர்கள், அது இறங்காது. ஊதா என்பது பயிருக்கு மணிச்சத்து கிடைக்கவில்லை என்பதன் அடையாளம், ஏன் கிடைக்கவில்லை என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு செடியை மண்வெட்டியால் கட்டியோடு வெட்டி எடுத்து, தண்ணீரில் அலசி, வேரைப் பாருங்கள். வேர் விதைச்சாலின் சுவரோடு தட்டையாக ஒட்டிக்கொண்டு, வெட்டிய கோட்டுக்குள்ளேயே ஓடியிருந்தால் ஈரம் அதிகமாக இருந்தபோது கருவியை விட்டிருக்கிறீர்கள், சால் சுவர் பூசினாற்போல் இறுகிவிட்டது என்று அர்த்தம். அங்கே மண்ணில் மணிச்சத்து இருந்தும் வேர் போய்ச் சேரவில்லை. வேர் நன்றாகப் பரவியிருந்து குளிரோ தொடர் ஈரமோ காரணமாக இருந்தால், மண் சூடேறியதும் புது இலை பச்சையாக வந்துவிடும். சில ரகங்களுக்கு இயல்பாகவே இளமையில் ஊதா ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: விதையோடு யூரியாவைக் கலந்து விடலாமா?

கூடாது. யூரியா கரைந்து அம்மோனியா வெளியாகும்போது முளை கருகும். டிஏபியும் அதே வேலையைக் கொஞ்சம் செய்யும். விதைச்சாலிலேயே உரம் விடுவது என்றால் யூரியா இல்லாத உரமாக, தழைச்சத்தும் சாம்பல்சத்தும் சேர்ந்து ஹெக்டேருக்கு 10 கிலோவுக்குள் இருக்கட்டும். இது 75 செ.மீ. வரிசைக்கான கணக்கு. மணற்பாங்கான மண்ணாக இருந்தால் அதில் பாதி போதும்.

கேள்வி: தட்டை மூடாக்கின் மேல் யூரியாவை மேலுரமாகத் தூவுகிறேன், பயிர் வெளிறியே இருக்கிறது. ஏன்?

இரண்டு பக்கமும் இழக்கிறீர்கள். பயிர்க்கழிவில் யூரியாவை உடைக்கும் நொதி ஏராளம், மேலே கிடக்கும் யூரியா வெயிலும் ஈரமும் சேர்ந்தால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மிச்சத்தைத் தட்டையை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்கின்றன. மக்காச்சோளத் தட்டையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 60 பங்கு கார்பன் இருப்பதால் அவற்றுக்கு எப்போதும் தழைச்சத்துப் பசி. தட்டையைக் கொஞ்சம் ஒதுக்கி, வரிசையின் ஓரத்தில் 5 செ.மீ. ஆழத்துக்குக் கீறி, யூரியாவை விட்டு மண்ணால் மூடுங்கள். ஆள் இல்லை, தூவித்தான் ஆக வேண்டும் என்றால் அன்றோ மறுநாளோ பாசனம் கொடுங்கள், யூரியா தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கிவிடும்.

நேரமும் முக்கியம். ஆறு இலை விரியும்வரை மக்காச்சோளம் தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட எடுப்பதில்லை, அதற்குப் பிறகு கதிரில் பட்டு இழை வெளிவரும்வரைதான் அள்ளிக் குடிக்கும். முழுத் தழைச்சத்தையும் அடியுரமாகக் கொட்டுகிறவர்கள் அதற்குள் பெய்யும் மழைக்குப் பாதியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி: உழவை நிறுத்திய வயலில் மண் மாதிரி எப்படி எடுப்பது?

மேல் 5 செ.மீ. தனியாக, அதற்குக் கீழே 15 வரை தனியாக. கலந்து அனுப்பினால் “சத்து போதும்” என்று வந்துவிடும், அடுக்கு தெரியாது. உரக்கோட்டின் மேல் துளைக்காதீர்கள்.

கேள்வி: என் நிலத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டா?

உண்டு, ஒரு பருவத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். உழவு ஒரே மாதிரி, ரகம், விதைத்த நாள், உர அளவு எல்லாம் ஒரே மாதிரி, உரம் விழும் இடம் மட்டும் வேறு. வயலை இரண்டாகப் பிளந்து பாதிப் பாதியாகச் செய்யாதீர்கள், ஒரு பாதி மேடாக இருக்கும், மற்றது பள்ளமாக இருக்கும். தூவியது, கோடாக வைத்தது, மறுபடி தூவியது, மறுபடி கோடு என்று மாற்றி மாற்றி நான்கு ஜோடிப் பட்டைகளாவது போடுங்கள். எல்லா ஜோடியிலும் கோடு வைத்தது முந்தினால்தான் நம்பலாம், இரண்டில் முந்தி இரண்டில் பின்தங்கினால் அது மண்ணின் விளையாட்டு.

வரிசை இடைவெளி 75 செ.மீ. என்றால் பட்டையின் நடுவில் 13.3 மீட்டர் நீளத்துக்கு ஒரு வரிசையை அளந்து கதிர் பறியுங்கள், அது ஏறத்தாழ 10 சதுர மீட்டர். உதிர்த்த மணி எத்தனை கிலோவோ அத்தனை ஆயிரம் கிலோ ஒரு ஹெக்டேர் விளைச்சல். ஈரத்தை அளக்காமல் எடையை ஒப்பிடாதீர்கள்: 20 சதவீத ஈரத்தில் 100 கிலோ இருக்கும் மணி, 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 93 கிலோதான். தாமதமாக முற்றிய பட்டை ஈரத்தால் மட்டுமே ஜெயித்த கதைகள் நிறைய உண்டு.